பேரன் பேச வேண்டுமென்றால் வீட்டில் தமிழை நிறுத்த வேண்டுமா?

மன்னைத் தாத்தா | ஞாயிறு, காலை 5.10

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 34 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கைப்பேசியில் தட்டச்சு செய்ய மகன்தான் கற்றுக்கொடுத்தான். பிழை இருந்தால் அவன் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

விஷயம் அந்த மகனின் மகனைப் பற்றியது. பேரனுக்கு வரும் கார்த்திகையில் மூன்று வயது நிறைகிறது. பெங்களூர் மாரத்தஹள்ளியில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார்கள். மகனும் மருமகளும் கணினி வேலை. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி பேசுவது கன்னடம். மூன்று மாதமாக மழலையர் பள்ளிக்குப் போகிறான், அங்கே ஆங்கிலம். வீட்டில் இதுவரை தமிழ்தான்.

அவன் சொல்லும் சொற்களை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வருகிறேன். மொத்தம் 14. அம்மா, ப்பா, தாதா, தா, வா, போ, பூ, மா (மாம்பழம்), பா (பால்), கா (காக்கா, கோழி, புறா, விமானம் எல்லாம்), கை, கார், நோ, பை. இந்தப் 'பை'யைத் தமிழ்ச் சொல்லாகக் கணக்கில் வைத்திருந்தேன். விடைபெறும்போது கையாட்டிச் சொல்கிறான் மாமா, அது ஆங்கிலம் என்று மருமகள் திருத்தினாள். இரண்டு சொற்களைச் சேர்த்து இதுவரை எதுவும் சொன்னதில்லை.

அறிவுக்குக் குறைவில்லை. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, மொட்டை மாடியில் நிலவைக் காட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் பார்க்கும் வரை விடவில்லை. பார்த்ததும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். மடியில் வைத்துக்கொண்டு "தாத்தா செருப்பை எடுத்து வா" என்றால் என் செருப்பைத்தான் எடுத்து வருவான், பாட்டியுடையதை அல்ல. ஆனால் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்பது என் மனைவியின் தீர்ப்பு. கைப்பேசியில் நான் பேசினால் திரையைத் தடவிவிட்டு ஓடிவிடுகிறான். பிறந்த மறுநாளே காதைச் சோதித்துச் சரியாக இருக்கிறது என்று மருத்துவமனை தாள் கொடுத்திருக்கிறது. அதனால் காதைப் பற்றி எங்களுக்குச் சந்தேகமில்லை. பெங்களூர்க் குளிருக்குச் சளி மட்டும் விட்டபாடில்லை. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறான்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஆறு வாரத்துக்கு முன்பு பள்ளியில் பெற்றோரை அழைத்து, "மூன்று மொழி கேட்டுக் குழந்தை குழம்பிப் போயிருக்கிறான். இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். மகனும் மருமகளும் பயந்துபோய் அன்றிரவே நடைமுறைப்படுத்திவிட்டார்கள். உத்தரவு எனக்கும் வந்தது. 'கம்', 'ஈட்', 'குட் பாய்'. இவற்றோடு என் சரக்கு தீர்ந்துவிடுகிறது. முன்பெல்லாம் அவனை மடியில் போட்டுக்கொண்டு கொல்லைக்குக் கீரி வந்த கதை சொல்வேன். கீரிக்கு ஆங்கிலப் பெயர் எனக்குத் தெரியும். பாம்பைக் கண்டதும் அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நின்றதே, அதற்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் கதை நின்றுபோயிற்று. மருமகளும் சோறூட்டும்போது பேசுவதைக் குறைத்துவிட்டாள். அடுத்த சொல்லுக்கு யோசிக்க வேண்டியிருக்கிறதாம். அந்த வீட்டில் இப்போது முன்பைவிட அமைதி. ஆறு வாரத்தில் என் நோட்டில் ஒரு சொல்கூடக் கூடவில்லை.

என் கொழுந்தி வேறு, நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார். திருச்செந்தூருக்கு அழைத்துப் போகவும் சொல்கிறார். குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமல் இருந்து முருகன் சந்நிதியில் பாடத் தொடங்கினார் என்ற வரலாற்றை 34 ஆண்டுகள் வகுப்பில் சொன்னவன் நான். திருச்செந்தூருக்குப் போவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. ஐந்து வயது வரை காத்திருக்கத்தான் பயமாக இருக்கிறது.

மூன்று மொழி கேட்டால் குழந்தை குழம்புமா? தமிழை நிறுத்துவதுதான் மருந்தா? நான் தமிழாசிரியன், இதில் என் சுயநலம் எவ்வளவு, பேரன் நலம் எவ்வளவு என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதனால்தான் வெளியாட்களிடம் கேட்கிறேன். பெங்களூரில் இதற்கு யாரைப் பார்ப்பது என்றும் சொல்லுங்கள்.


ஓசூர் குமார் | ஞாயிறு, காலை 8.32

ஐயா, வீணாகக் கவலைப்படுகிறீர்கள். என் தம்பி நான்கு வயதில்தான் வாய் திறந்தான். இன்று வழக்கறிஞர், வாயை மூட வைக்க நீதிபதியாலும் முடிவதில்லை. ஆண்பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள். பரிசோதனை, பயிற்சி என்று போனால் பணம்தான் போகும். காத்திருங்கள், தானாக வரும்.


செவியும் சொல்லும் | ஞாயிறு, இரவு 9.47

வணக்கம் ஐயா. நான் கோவையில் பேச்சு, கேட்டல் பயிற்சியாளர். 16 ஆண்டுகளாக இதே வேலை. குழந்தையை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் உங்கள் நோட்டைப் போன்ற குறிப்பைக் கொண்டுவரும் குடும்பங்கள் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காது. நீங்கள் சந்தேகமில்லை என்று கடந்துபோன இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். மடியில் இருந்தால் புரிகிறது, அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. சளி நிற்பதில்லை, வாயைத் திறந்து தூங்குகிறான். இது பிடிவாதமாக இருக்கலாம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருப்பதாகவும் இருக்கலாம். பிறந்தபோது செய்த சோதனை அன்றைய காதுக்குத்தான் சான்று. நீர் தேங்குவது அதற்குப் பிறகு வருவது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. இரு காதிலும் விரலை வைத்துக்கொண்டு கேட்பதுபோல உலகம் கேட்கும், அவ்வளவுதான். அவனுக்கு அதுதான் இயல்பு என்பதால் குறை சொல்லவும் தெரியாது. நம் மொழியில் இன்னொரு சங்கடம் உண்டு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: 'ஐ', 'கு', 'இல்' என்று பொருளைத் தாங்குவது சொல்லின் வால். பேசும்போது நாம் குரலைத் தாழ்த்துவதும் வாலில்தான். ஆகவே முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். டிம்பனோமெட்ரி என்ற சோதனையில் செவிப்பறை அசைகிறதா என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். கூடவே கேட்கும் திறனையும் அளப்பார்கள். பெரா என்ற சோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். அப்படிச் சொன்னால் காலையில் சீக்கிரம் எழுப்பி, வண்டியில் தூங்கவிடாமல் அழைத்துப் போகச் சொல்லுங்கள். பாதிக் குடும்பங்கள் இதைத் தெரியாமல் வந்து இரண்டாவது முறை அலைகின்றன.

அடுத்து மொழி. இரண்டு மொழி, மூன்று மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. இது என் சொந்தக் கருத்தல்ல, இந்தத் துறையில் நெடுங்காலமாக ஆராய்ந்து ஏற்கப்பட்டது. பன்மொழி வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலப்பார்கள். அது குழப்பமல்ல, கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது. ஏற்கெனவே பேச்சுக் குறைபாடு உள்ள குழந்தைக்குக்கூட வீட்டு மொழியைப் பிடுங்கச் சொல்வதில்லை. 'பால்', 'மில்க்', 'ஹாலு' மூன்றையும் சொன்னால் நோட்டில் மூன்றாக எண்ணுங்கள். கன்னடம் பேசும் அந்த அம்மாவும் அப்படியே பேசட்டும். கேட்கும் பேச்சு குறைவதுதான் கேடு. மருமகள் சோறூட்டும்போது யோசித்து யோசித்துப் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, பதிவில் எனக்கு மிகவும் உறுத்திய வரி அது.

ஓசூர் அன்பருக்கு: உங்கள் தம்பி போன்ற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் தானாகப் பேசப்போகிற பிள்ளை எது, போகாத பிள்ளை எது என்று இரண்டரை வயதில் முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்களுக்கும் தெரியாது. இரண்டு வயதில் ஐம்பது சொல்லும், இரண்டு சொல் சேர்ந்த பேச்சும் வர வேண்டும் என்பது பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. இவன் மூன்றை நெருங்குகிறான், 14 சொல். காத்திருக்கும் கட்டம் தாண்டிவிட்டது. நிலவைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தான் என்றீர்களே, அது மிக நல்ல அறிகுறி. தனக்குப் பிடித்ததைப் பிறரும் பார்க்க வேண்டும் என்று தவிக்கிறான்.

வசம்பு வேண்டாம். நாக்கு தடித்திருப்பதால் பேச்சு தாமதமாவதில்லை. நாக்கைத் தேய்த்தால் நாக்குதான் எரியும்.

வீட்டில் செய்ய வேண்டியதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், நீங்களே செய்யக்கூடியது. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று சோறு வைத்து, கடைசியில் கையின் மேல் நண்டு ஊர்ந்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவோமே, அந்த விளையாட்டு. பத்து முறை முழுதாக விளையாடுங்கள். பதினோராவது முறை நண்டு முழங்கை வரை வந்ததும் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். வாயைத் திறக்காதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவன் கையை இழுக்கலாம், சிணுங்கலாம், 'வா' என்று சொல்லலாம். எது வந்தாலும் அதைப் பேச்சாக எடுத்துக்கொண்டு நண்டை ஓட விடுங்கள். என் அறையில் நான் செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்தப் பத்து நொடிதான். "இது என்ன? அது என்ன? சொல்லு, சொல்லு" என்று தேர்வு வைப்பதை எல்லோரும் நிறுத்திவிடுங்கள். ஆசிரியர்களுக்கு இது கடினம் என்று அறிவேன். அவன் 'பூ' என்றால் நீங்கள் 'சிவப்புப் பூ' என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள், போதும். தொடங்குவதற்குத் தா, வா, போ போன்று ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த சின்னச் சொற்கள் நல்லவை. இந்த விஷயத்தில் தமிழ்க் குழந்தைகள் கொடுத்துவைத்தவர்கள்.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறை இருக்கிறது. டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு, கேட்டல் நிறுவனமும் அங்கேதான். மைசூருக்குப் போக முடிந்தால் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அது சுவரில் மாட்டியிருக்க வேண்டியதுதான்.


மன்னைத் தாத்தா | திங்கள், காலை 4.55

அம்மா, இரவெல்லாம் தூங்கவில்லை. முதல் காரணம் காது. மகனிடம் சொல்லிவிட்டேன், வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறான்.

இரண்டாவது காரணம் நீங்கள் கடைசியில் சொன்னது. ஓரெழுத்து ஒருமொழி! நன்னூல் 42 என்று கணக்குச் சொல்கிறது. உயிரில் ஆறு, மகரத்தில் ஆறு என்று பிள்ளைகளை நெட்டுருப் போட வைத்து, போடாதவனைப் பெஞ்சின் மேல் ஏற்றியிருக்கிறேன். அந்த 42 எதற்குப் பயன்படும் என்று ஒரு பையன் கேட்டான். தேர்வில் இரண்டு மதிப்பெண் என்று சொன்னேன். என் பேரன் சொல்லும் 14இல் தா, வா, போ, பூ, மா, கா, கை எல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பவை. பட்டியலை மீண்டும் எழுதிவிட்டேன். 'நொ'வை விட்டுவிடலாம், துன்பப்படு என்று பொருள். 'து'வும் வேண்டாம். உண் என்றுதான் பொருள், ஆனால் பிள்ளை துப்புகிறான் என்று மருமகள் நினைத்துக்கொள்வாள். மிச்சம் 40 இருக்கிறது. புதன் மாலை கும்பகோணத்தில் மைசூரு எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன்.


ஹரோ அம்மா | திங்கள், மாலை 6.20

ஐயா, நான் யாழ்ப்பாணத்துக்காரி, லண்டனில் ஹரோவில் இருக்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே கூத்து நடந்தபடியால் எழுதுகிறேன்.

என் மகள் மூன்று வயதில் பாலர் பள்ளிக்குப் போனாள். நான்கு மாதம் அங்கே ஒரு சொல் கதைக்கவில்லை. வீட்டில் அம்மம்மாவோடு ஓயாத கதை. ஆனால் அதை அவர்கள் எப்படி அறிவார்கள்? கணவருடைய நண்பர் ஒருவர், "நீங்கள் தமிழில் கதைப்பதால்தான் பிள்ளை பின்தங்குகிறது" என்று சொல்ல, இவரும் அம்மம்மாவுக்கே தடை போட்டுவிட்டார். அம்மா அன்றைக்குச் சமையல் அறைக்குள் போனவர், இரண்டு நாள் வெளியே வந்து யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகு அரசாங்கச் சுகாதார சேவையின் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்தார். வெள்ளைக்காரப் பெண். மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் கூட்டிவந்திருந்தார். ஆங்கிலத்தில் கேட்டபோது பிள்ளை மேசையின் கீழே போய் இருந்துகொண்டாள். தமிழில், "கரடியைக் கதிரைக்குக் கீழே வை, பிறகு முயலைக் கொண்டு வா" என்றதும் வெளியே வந்து சரியாகச் செய்தாள். "இவளுக்கு மொழியில் ஒரு குறையும் இல்லை. புது மொழிக்குள் போகும் பிள்ளைகள் சில காலம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அதுதான் இது" என்றார். வீட்டில் எந்த மொழியில் கதைப்பது என்று நான் கேட்டேன். "நீங்கள் இரண்டு பேரும் எந்த மொழியில் சண்டை பிடிப்பீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். இவர் உடனே "தமிழ்" என்றார். அந்த மறுமொழி அவ்வளவு விரைவாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்.

ஆனால் ஐயா, என் மகளுக்கும் உங்கள் பேரனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இவள் தமிழிலாவது நன்றாகக் கதைத்தாள். உங்கள் பேரனுக்கு எந்த மொழியிலும் சொல் குறைவு. எனவே "பள்ளிக்குப் பழகினால் சரியாகிவிடும்" என்று எங்கள் கதையைப் பார்த்து இருந்துவிட வேண்டாம். கோவைப் பயிற்சியாளர் சொன்னபடி காதைப் பாருங்கள்.


திருச்சி ராஜி | செவ்வாய், பிற்பகல் 2.05

என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் இருக்கிறது. வாய்ப்பேச்சு இன்னும் வரவில்லை. தாத்தா, உங்கள் பேரன் கதை வேறு. ஆனால் மொழி பற்றி நான் பட்டதைச் சொல்ல வேண்டும்.

ஒன்றரை ஆண்டு ஒரு பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனேன். எல்லாம் ஆங்கிலத்தில். ரெட், புளூ, ஒன், டூ, டிரையாங்கிள். படத்தைக் கேட்டால் சரியாகத் தொடுவான், மதிப்பெண் தாளில் எண்பது, தொண்ணூறு வரும். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். எங்கே வலி என்று அவனுக்குக் காட்டத் தெரியவில்லை, எங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. விடிந்த பிறகு மருத்துவர் பார்த்துக் காதுவலி என்றார். முக்கோணம் தெரிந்த பிள்ளைக்கு 'வலிக்கிறது' என்று சொல்ல ஒரு வழியை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்குப் போனோம். அங்கே படங்களைக் காட்டிப் பேச வைக்கும் முறையைத் தொடங்கினார்கள். படம் கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்று என் மாமியார் பயந்தார். எனக்கும் பயம்தான். அப்படி ஆவதில்லை, சில குழந்தைகளுக்கு அதனாலேயே பேச்சு வருகிறது என்று விளக்கினார்கள். முதலில் அட்டைகள். வலிக்கிறது, வேண்டாம், போதும், இன்னும், தண்ணீர், வெளியே. எல்லாம் தமிழில், எங்கள் வீட்டுச் சொம்பையும் எங்கள் வீட்டு வாசலையும் படம் எடுத்து ஒட்டியவை. இப்போது கைக்கணினியில் ஆவாஸ் என்ற செயலி. சென்னையில் உருவானது, தொட்டால் தமிழில் பேசும். போன வாரம் என் நாத்தனார் முத்தம் கொடுக்கக் குனிந்தபோது 'வேண்டாம்' என்று தொட்டான். அவருக்குக் கோபம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பணம் பற்றி ஓசூர்க்காரர் எழுதியதற்கு: மாவட்ட அரசு மருத்துவமனைகளில், குழந்தைகளின் குறையைச் சின்ன வயதிலேயே கண்டு உதவும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, அங்கே கட்டணம் இல்லை. தெரியாமல் ஒன்றரை ஆண்டு நான் செலவழித்தேன், நீங்கள் செலவழிக்காதீர்கள்.


மன்னைத் தாத்தா | வெள்ளி, காலை 5.30 (25 நாள் கழித்து)

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பெங்களூரில்தான் இருக்கிறேன்.

கோவை அம்மா, நீங்கள் சொன்னதேதான். இரு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர். டிம்பனோமெட்ரித் தாளில் மலைபோல் எழும்ப வேண்டிய கோடு வயல் வரப்புபோலத் தட்டையாகப் படுத்திருந்தது. பிறகு ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, ஒலி கேட்டால் ஒரு கட்டையைப் பெட்டிக்குள் போடு என்று விளையாட்டுக் காட்டினார்கள். நானும் உள்ளே இருந்தேன். எனக்குக் கேட்கிறது, அவன் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒலியைக் கூட்டினார்கள். அப்போதும் அசையவில்லை. இன்னும் கூட்டியதும் கட்டை விழுந்தது. அந்த இடைவெளியில் எனக்கு என்னவோ செய்தது. இந்தப் பிள்ளையைத்தான் பிடிவாதக்காரன் என்றோம். 30 டெசிபெல் அளவுக்குக் குறை என்றார்கள். கிசுகிசுப்பாகப் பேசினால் அவனுக்கு வந்து சேராதாம்.

மருத்துவர் அவசரப்படவில்லை. இந்த நீர் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும், மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்போம், அப்போதும் இருந்தால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். அதுவரை பக்கத்தில் போய், முகம் பார்த்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேச வேண்டும்.

வாரம் ஒரு முறை பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுக்கும் பெண் கன்னடக்காரர், கொஞ்சம் தமிழ் தெரியும். அவர் பிள்ளையிடம் பேசியதைவிட மருமகளிடம் பேசியதுதான் அதிகம். முதல் நாளே, "வீட்டில் தமிழ் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார். மருமகள் வாசல் தாண்டும் முன் பிள்ளையிடம் தமிழில் பொரிந்து தள்ளினாள். ஆறு வாரத்துப் பாக்கி. பள்ளியில் காதுச் சோதனைத் தாளைக் காட்டினோம், முன்வரிசையில் உட்கார வைக்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஆங்கிலம் விஷயத்தில் அந்த ஆசிரியை இன்னும் தலையை ஆட்டவில்லை. நேற்றுகூட டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார். மருமகள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்துவிட்டாள்.

நண்டு விளையாட்டு: ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பத்து வரை எண்ணுவது எனக்கு மிகக் கடினம். ஆறு வந்ததும் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆறாம் நாள் நண்டு முழங்கையில் நின்றபோது, பிள்ளை என் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி 'வா' என்றான். என்னை அல்ல, நண்டை.

நோட்டில் இப்போது 23. 'ஈ' வந்துவிட்டது, 'தீ' வந்துவிட்டது, 'பாய்' வந்துவிட்டது. நேற்றுக் காலை பால்கனியில் புறா வந்து உட்கார்ந்தது. ஓடிப்போய்க் கையை வீசி, "கா போ!" என்றான். இரண்டு சொல். அது காக்கை இல்லையடா, புறா என்று சொல்ல வாயெடுத்தேன். மருமகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "போ போ! புறா போ!" என்று நானும் கையை வீசினேன்.

ஒரு சந்தேகம். பாட்டியும் வந்திருக்கிறாள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது காய்ச்சிய நல்லெண்ணெய் இரண்டு சொட்டுக் காதில் விட்டால் அந்த நீர் வெளியே வந்துவிடும் என்கிறாள். விடலாமா?


செவியும் சொல்லும் | வெள்ளி, காலை 7.15

கூடவே கூடாது ஐயா. எண்ணெய் செவிப்பறைக்கு இந்தப் பக்கம் நிற்கும், நீர் அந்தப் பக்கம் இருக்கிறது. நடுவில் வாசல் கிடையாது. தலைக்கு எண்ணெய் வைப்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

'கா போ'வைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.


மன்னைத் தாத்தா | வெள்ளி, காலை 7.40

தேதி போட்டுவிட்டேன். எண்ணெய் பற்றியும் சொன்னேன். நீங்கள் பேச்சுக்குத்தானே படித்தவர், காதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கிறாள். எண்ணெய்க் கிண்ணத்தை மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.